அப்பா சேர்த்த பள்ளிக்கூடம்

தொழிற்பள்ளியில் முதல் நாள் ஆசிரியர், "நீங்கள் எந்த முதியோர் இல்லத்தில் பயிற்சி எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். ஜன்னலோரம் இருந்த பெண்ணைக் கேட்கிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அவளுக்கு முப்பது வயதிருக்கும், இரண்டு பிள்ளைகளின் தாய். அவளுக்கு "நீங்கள்" பொருந்தும். எனக்குப் பதினாறு. சுவிஸ் நாட்டில், டீட்டிகோன் ஊரில் நான் படித்த எல்லா வகுப்புகளிலும் ஆசிரியர்களுக்கு நான் "நீ"தான். அவர் மறுபடியும் என்னைப் பார்த்தே கேட்டார். பதில் சொன்னபோது என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது. அது 2009 ஓகஸ்ட் மாதம்.

அதற்கு முன்பு மூன்று வருடம் செக் என்கிற இடைநிலைப் பள்ளியில் படித்தேன். ஆறாம் வகுப்புக்குப் பிறகு இங்கே பெரும்பாலான பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடம் அது. மூன்று வருடமும் ஒரே வகுப்பாசிரியர். எங்கள் கையெழுத்து, எங்கள் குணம், எங்கள் வீட்டில் யார் எத்தனை மணிக்கு வேலையால் வருவார்கள் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி. வகுப்பு வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வீட்டுச் செருப்பு மாட்டவேண்டும். வீட்டுப்பாடம் செய்யாமல் போனால் அன்றைக்கே வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார். அப்பா தெரிந்த ஜெர்மனில் "யா, யா, டாங்கெ" என்று குனிந்து குனிந்து கேட்டுவிட்டு, தொலைபேசியை வைத்த கையோடு எனக்குத் திருவிழா நடத்துவார். பெற்றோர் கூட்டம் என்றால் அப்பா முன் வரிசைக் கதிரையில்தான் இருப்பார். பாதி விளங்காது. ஆனாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

தொழிற்பள்ளி அப்படியில்லை. கிழமையில் மூன்று நாள் முதியோர் இல்லத்தில் வேலை, இரண்டு நாள் சூரிச்சில் வகுப்பு. சப்பாத்தோடு உள்ளே போகலாம். மத்தியானம் எங்கே சாப்பிடுகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். "நீங்கள் வராவிட்டால் நான் கவலைப்படப்போவதில்லை, உங்கள் மேலாளர்தான் கவலைப்படுவார்" என்று ஆசிரியர் முதல் கிழமையே சொல்லிவிட்டார். செக்கில் படித்ததெல்லாம் எப்போதோ பிறகு உதவும் என்று சொல்லிப் படிப்பித்தது. இங்கே செவ்வாய்க்கிழமை படுக்கைப்புண் பற்றிப் படித்தால் புதன்கிழமை அது ஒரு மனிதரின் முதுகில் எனக்கு முன்னால் இருக்கும். நான் படித்ததற்கு அப்படி ஒரு அவசரம் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. இன்னொன்று, அங்கே பெற்றோர் கூட்டமே கிடையாது. எங்கள் பரீட்சைப் புள்ளிகள் இல்லத்துக்குப் போகும், வீட்டுக்குப் போகாது. என் தொழிற்பள்ளிக் கட்டடத்தை அப்பா ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையையும் சொல்லவேண்டும். எங்கள் தமிழ் ஆட்களுக்கு இந்த நாட்டில் ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் உண்டு, அது கிம்னாசியம். பன்னிரண்டு வயதில் ஒரு பரீட்சை, தவறினால் செக்கில் இருந்து இன்னொரு முறை. பாஸ் பண்ணினால் கிம்னாசியம், பிறகு பல்கலைக்கழகம், பிறகு டொக்டர். பாஸ் பண்ணாவிட்டால் லேர, அதாவது தொழிற்பயிற்சி. சுவிஸ் பிள்ளைகளில் பெரும்பங்கு லேரதான் செய்கிறது. வங்கியில் இருக்கிற மனேஜரும் லேர செய்தவராக இருப்பார். ஆனால் எங்கள் கலியாண மண்டபங்களில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள், நோயின் பெயரைச் சொல்வதுபோல.

நான் இரண்டு முறையும் எழுதினேன். இரண்டாம் முறை கொஞ்சத்தில் தவறியது. அப்பா பத்துப் பதினைந்து நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு நான் இல்லத்தில் ஒரு கிழமை பழகிப் பார்க்கப் போனேன். அங்கே ஒரு பழைய டிராம் சாரதி, யார் சவரம் செய்யப் போனாலும் திட்டி அனுப்புகிறவர், மூன்றாம் நாள் தாடையை என் பக்கம் நீட்டினார். வீட்டுக்கு வந்து, எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று சொன்னேன். பயிற்சி ஒப்பந்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "உனக்குப் பிடிச்சதைச் செய் பிள்ளை" என்றார்.

அந்த ஒரு வசனத்தை நான் எப்படித் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது. வகுப்பில் மற்றத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி, லேரக்குப் போனதால் தன் வீட்டில் இன்னும் சண்டை நடக்கிறது என்று அழுதாள். எங்கள் அப்பா அப்படியில்லை என்று அவளுக்குச் சொன்னேன். அப்பா புள்ளி கேட்பதில்லை, பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்பதில்லை. என்னை வளர்ந்த ஆளாக மதிக்கிறார் என்று நினைத்தேன். இல்லத்தில் எங்களுக்கு முதுகில் இல்லத்தின் பெயர் போட்ட நீல ஜாக்கெட் தந்திருந்தார்கள். குளிர் தொடங்கியதும் அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், தான் தனக்கு ஒருபோதும் வாங்காத விலையில் ஒரு கறுப்பு ஜாக்கெட் வாங்கித் தந்தார். "அது குளிர் தாங்காது பிள்ளை. போகேக்கை வரேக்கை இதைப் போடு." எனக்குக் கண் கலங்கிப்போயிற்று.

மண்டபங்களில் யாராவது, "பிள்ளை என்ன செய்யுறா?" என்று கேட்டால் நான் வாய் திறப்பதற்கு முன் அப்பா முந்திக்கொள்வார். "படிக்கிறா." எங்கே என்று கேட்டால், "சூரிச்சிலை." இரண்டும் உண்மை. அதனால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டாம் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அப்பாவோடு களஞ்சியத்தில் வேலை செய்கிறவரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் அன்ரி என்று கூப்பிடுகிறவர். கூடவே அவருடைய மகள், ஆறாம் வகுப்பு, கையில் பெரிய பிஸ்கட் டின். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அன்ரி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, நீங்கள்தான் எங்களுக்கு உதவி செய்யவேணும். இவள் வாற மாசியிலையோ பங்குனியிலையோ கிம்னாசியச் சோதினை எழுதப்போறாள். அண்ணை சொன்னவர், நீங்கள் அங்கை லத்தீனிலை முதலாம் ஆளாம். சனிக்கிழமையிலை ஒரு மணித்தியாலம் இவளுக்குச் சொல்லிக் குடுத்தால் காணும்."

எனக்கு லத்தீனில் ஒரு சொல்லும் தெரியாது. அப்பா என்னைக் கிம்னாசியத்தில் சேர்த்ததோடு நிற்கவில்லை, பாடமும் தெரிவு செய்து, புள்ளியும் போட்டிருக்கிறார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சவர்க்கார விளம்பரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு சவர்க்கார விளம்பரத்தை அவ்வளவு கவனமாகப் பார்த்த மனிதரை நான் கண்டதில்லை. அம்மாவைப் பார்த்தேன். அம்மா பிஸ்கட் டின்னைத் திறக்கிற சாட்டில் குனிந்துகொண்டார். அப்போதுதான் அம்மாவுக்கும் தெரியும் என்பது விளங்கிற்று.

"வரட்டும் அன்ரி" என்றேன். வேறு என்ன சொல்வது? வந்தவர்களுக்கு முன்னால் அப்பாவை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டில் எனக்குப் பேச்சு வருவதற்கு முன்பே ஊட்டிவிட்டது.

அவர்கள் போன பிறகு, கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டேன்.

"அப்பா, நான் கிம்னாசியத்திலையோ படிக்கிறன்?"

"இப்ப என்ன நடந்திட்டுது?"

"எத்தினை பேரிட்டைச் சொன்னனீங்கள்?"

அம்மாதான் சொன்னார், "எல்லாருக்கும் அப்பிடித்தான் தெரியும். ஊரிலை சித்தப்பா ஆக்களுக்கும்."

"அப்ப பிடிச்சதைச் செய் எண்டு ஏன் சொன்னனீங்கள்?"

"செய்யுறாய்தானே" என்றார் அப்பா. "நான் மறிச்சனானோ? நாளைக்கு உனக்கொரு கலியாணம் பேசேக்கை நாலு சனம் நாலு விதமாக் கதைக்கக் கூடாது. உனக்காகத்தான் சொன்னனான். ஹைமிலை கிழடுகளுக்குக் கழுவுறாய் எண்டு சபையிலை சொல்லச் சொல்லுறியோ?"

என் அறைக்குப் போய்க் கறுப்பு ஜாக்கெட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அது குளிருக்கு வாங்கியதில்லை, நீல ஜாக்கெட்டின் முதுகில் இருந்த பெயரை ஒளிக்க வாங்கியது. அப்பா புள்ளி கேட்காதது மதிப்பால் இல்லை, கேட்பதற்கு அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. அவர் மகள் வேறு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள், அங்கே அவளுக்கு நல்ல புள்ளிகள் வந்துகொண்டிருந்தன. அந்த மகளோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

அப்பாவுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் உயர்தரப் பரீட்சை நல்லாய்ச் செய்துவிட்டு, பல்கலைக்கழகம் போக வேண்டிய வயதில் சுவிஸ் அகதி முகாமில் கட்டில் பிடித்தவர். இருபது வருடமாகப் பெட்டி தூக்குகிறார். இதை எழுதுவதால் மன்னித்துவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். அவர் தூக்கிய பெட்டியைப் பற்றி நான் ஒருவரிடமும் பொய் சொன்னதில்லை.

சனிக்கிழமைகளில் அந்தப் பிள்ளை வந்தாள். கணக்கு, ஜெர்மன் கட்டுரை. இரண்டு முறை அந்தப் பரீட்சைக்குப் படித்தவள் என்பதால் எனக்கு அது கைவந்திருந்தது. அவள் கெட்டிக்காரி. எழுதிக்கொண்டே கதை கேட்பாள். கிம்னாசியம் எப்படி இருக்கும், வாத்திமார் ஏசுவார்களா, வீட்டுக்குத் தொலைபேசி எடுப்பார்களா. நான் தொழிற்பள்ளியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் என்று கூப்பிடுவார்கள், உன்னை ஒருவரும் துரத்தமாட்டார்கள், நீயாகத்தான் ஓடவேண்டும் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. எனக்கோ வாய் கசந்தது. என் பள்ளிக்கூடத்தைப் பற்றி எங்கள் ஆட்களில் ஒருத்தி ஆசையாகக் கேட்ட முதல் முறை அது, அதையும் இன்னொரு பள்ளிக்கூடத்தின் பெயரில்தான் சொல்லவேண்டியிருந்தது.

கிறிஸ்மஸுக்கு முன்பு ஒரு நாள், பள்ளிப் பிள்ளைகள் எங்கள் இல்லத்துக்குப் பாட வருகிறார்கள் என்று எங்கள் மேலாளர் சொன்னார். வருடா வருடம் ஏதாவது ஒரு வகுப்பு விளக்கோடு வரும். நான் சாப்பாட்டு மண்டபத்தில் ஒரு பாட்டிக்கு சூப் பருக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது இரண்டாம் வரிசையில் அவள் நின்றாள். என் ஊதா நிறச் சட்டையைப் பார்த்தாள், கையில் இருந்த கரண்டியைப் பார்த்தாள். வாய் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு வெட்கப்பட்டேன். அந்த வேலை செய்து நான் வெட்கப்பட்ட ஒரே நாள் அதுதான், அந்த வெட்கமும் என்னுடையதல்ல, அப்பா எனக்குள் கொண்டுவந்து வைத்தது.

சனிக்கிழமை அவள் வந்தாள். ஒரு பின்னக் கணக்கின் நடுவில் பென்சிலை வைத்துவிட்டு, "அக்கா, அண்டைக்கு உங்கடை உடுப்பு வடிவா இருந்தது" என்றாள்.

நான் அவள் செய்த கணக்கைச் சரிபார்க்கத் தொடங்கினேன்.

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அம்மாவுக்கும் சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னால் உங்களிட்டை வர விடமாட்டினம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள், "அக்கா, நான் பாஸ் பண்ணாட்டில் என்ரை அப்பாவும் இப்பிடித்தான் சொல்லித் திரிவாரோ?"

"உன்ரை அப்பா அப்பிடிச் செய்யமாட்டார்" என்றேன். அவளுடைய அப்பாவைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? என் அப்பாவைப் பற்றியே தெரிந்திருக்கவில்லை. ஆனால் அதன் பிறகு சனிக்கிழமைகளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினேன். இல்லத்தில் நடந்ததை அவளுக்குச் சொல்வேன். டிராம் சாரதி என்னை மட்டும் சவரம் செய்ய விடுவதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். வகுப்புக்கும் வீட்டுக்கும் வெளியே நான் யார் என்று தெரிந்த ஒரே தமிழ் ஆள் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

அவள் பாஸ் பண்ணினாள். அன்ரி லட்டும் ஒரு சேலையும் கொண்டுவந்து என் காலில் விழாத குறையாக நின்றார். அப்பா பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்கடை பிள்ளை கிம்னாசியத்திலை படிக்கிறபடியால் அவவுக்கு நுணுக்கம் தெரியும்" என்றார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பிள்ளை கிம்னாசியம் போகத் தொடங்கியதும் சனிக்கிழமைகள் நின்றுபோயின. அவளுக்கு இப்போது உண்மையாகவே லத்தீன் இருந்தது.

2012 கோடையில் என் பயிற்சி முடிந்தது. சான்றிதழ் வழங்குகிற விழாவுக்கு வீட்டுக்காரர் வரலாம். மூன்று வருடத்தில் வீட்டுக்காரரைக் கூப்பிட்ட ஒரே நாள் அது. அப்பாவிடம் சொன்னேன். வேலை இருக்கிறது என்பார் என்று நினைத்திருந்தேன். "வாறன்" என்றார். லீவு போட்டார். வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி. அம்மாவைக் கூட்டிக்கொண்டு நேரத்துக்கே வந்து, பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்போல முன் வரிசையில் இருந்தார். சிறப்புப் புள்ளி எடுத்தவர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நாங்கள் நாலு பேர். எங்கள் தலைக்கு மேலே எங்கள் தொழிலின் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. கையில் சான்றிதழும் ஒரு ரோஜாவும் தந்தார்கள். அப்பா எழும்பி முன்னால் வந்து படம் எடுத்தார். ஒன்றல்ல, பத்துப் பதினைந்து. என் ஆசிரியருக்குக் கை கொடுத்தார். ஆசிரியர், "உங்கள் மகளைப் பற்றி நீங்கள் பெருமைப்படலாம்" என்றார், அப்பாவுக்கு அது முழுதும் விளங்கிற்று. கண் துடைத்ததைக் கண்டேன். ரயிலில் வரும்போது அம்மாவின் தோளில் சாய்ந்து நித்திரை கொண்டேன். இரண்டு வருடக் கோபம் கழன்று போனதுபோல இருந்தது. சரி, அப்பா வந்துவிட்டார், இனி எல்லாம் சரி என்று நம்பினேன்.

விடுமுறை முடிந்த கையோடு அந்தப் பிள்ளைக்குச் சாமத்தியவீடு, பெரியவளானதுக்குச் செய்கிற சடங்கு. பெரிய மண்டபம், மேடையில் பூ அலங்காரம், வீடியோக்காரர் இரண்டு பேர். அவள் பட்டுச் சேலையில், படம் எடுக்கிற இரண்டு கூட்டத்துக்கு நடுவில் களைத்துப்போய்க் கதிரையில் இருந்தாள். அன்ரி என்னைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் மேடைக்கு அருகில் நிறுத்தினார். அங்கே அப்பாவும் அவருடைய வேலையிடத்து ஆட்களும் நின்றார்கள்.

"இவதான் என்ரை பிள்ளையைக் கிம்னாசியத்துக்கு ஏத்தி விட்டவ" என்றார் அன்ரி. "அண்ணை, பிள்ளையும் முடிச்சிட்டாவாம்?"

அப்பா பொக்கற்றில் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். "ஓம், இப்பதான். சிறப்புப் புள்ளியோடை பாஸ்" என்று சொல்லி ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நான், சான்றிதழ், ரோஜா. எனக்குப் பக்கத்தில் நின்ற மூன்று பேரும் இல்லை. தலைக்கு மேலே இருந்த எழுத்தும் இல்லை. படத்தை எப்படி வெட்டுவது என்று முந்தின நாள் பின்னேரம் அவர் என்னிடம்தான் கேட்டிருந்தார். நான்தான் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தேன்.

"அடுத்தது என்ன, மெடிசினோ?" என்று கோட் போட்ட ஒருவர் கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அன்றைக்குச் சவர்க்கார விளம்பரத்துக்குள் ஒளித்த அதே கெஞ்சல். இந்த முறை நான் அவரை விட்டுக்கொடுத்தேன்.

"இல்லை அங்கிள். நான் கிம்னாசியம் போகேல்லை. முதியோர் ஹைமிலை மூண்டு வருசம் லேர செய்தனான். அதைத்தான் முடிச்சனான். அங்கைதான் வேலை."

சத்தம் போடாமல், தெளிவாகச் சொன்னேன். அன்ரியின் வாய் திறந்தபடி இருந்தது. பிறகு அப்பா சிரித்தார்.

"பார்த்தியளோ? கண்ணூறு நாவூறு படுமெண்டு ஒளிக்கிறா. சின்னனிலை இருந்தே இப்பிடித்தான், தன்னைப் பற்றிப் பெருமையா ஒரு சொல்லுச் சொல்லமாட்டா."

அவ்வளவுதான். எல்லோருக்கும் மூச்சு வந்தது. "நல்ல பிள்ளை" என்றார் கோட் போட்டவர். "படிச்ச பிள்ளையளுக்கு அடக்கம் இருக்கும்" என்று அன்ரி என் கன்னத்தைத் தடவினார். எல்லோரும் சிரித்தார்கள். மூன்று வருடம் நான் பட்ட பாடு முழுவதும் என் அடக்கத்துக்குச் சான்றாகப் போய்விட்டது.

நான் மேடையைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும், அவ்வளவு அருகில் இருந்தாள். நான் சொன்னது உண்மை என்று அந்த மண்டபத்தில் ஒரு வார்த்தையால் சொல்லக்கூடியவள் அவள் ஒருத்திதான். அவள் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்துக்கொண்டே, மற்றவர்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

அப்பாவோடு நான் ஒரு கிழமையில் கதைத்துவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாளைக்குக் கதைக்காமல் இருப்பது? அவளோடு இன்றுவரை கதைக்கவில்லை.